பாயி வூட்டுக் கொத்தமல்லி

786

புதூர்நாடு,
14-11-1958

அன்புள்ள பத்ருன்னிசா அக்கா அவர்களுக்கு, தம்பி ஃபரூக் சலாம் கூறி எழுதுவது.

இவ்விடம் நானும், கடுக்காய்க் கிடங்கும், கிடங்கின் பூனையும் நலம். அவ்விடம் உங்கள் முழங்கால் வலி, அண்ணனின் ரத்தக் கொதிப்பு, ஹக்கீம் மாமுவின் வாயு ஆகிய மூன்றும் அடங்கியிருக்கின்றனவா என்று அறிய ஆவல்.

மாமு கொடுத்த விதைப் பொட்டலத்தைச் சட்டைப் பையை விட்டு எடுக்காமல் கொண்டுவந்து சேர்த்தேன். மாமு இதை சுன்புல் கதாயி என்கிறார். திருப்பத்தூரில் பார்த்த வன இலாகா ரேஞ்சர் ஏஞ்செலிகா என்றார். விதையை அனுப்பிய காஷ்மீர் சால்வைக்காரர் வேறு ஏதோ சொல்லியிருக்கிறார். இத்தனை பெயர் வைத்திருக்கிற ஒன்று முளைக்கவும் செய்யும் என்று எனக்கு அவ்வளவாக நம்பிக்கை இல்லை.

ஒப்பந்தத்தை நான் மறக்கவில்லை. அண்ணன் கேட்பதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். இந்தச் செடி பூத்து, விதை விட்டு, தன் காலத்தை முடித்துக்கொள்ளும் அன்று நான் தோல் பதனிடக் கடுக்காய் சேர்க்கும் இந்தக் கிடங்கை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு மலையை விட்டு இறங்குவேன். நம் வீட்டு மாடி அறையில் குடியேறுவேன். அண்ணியின் தங்கை சுபைதாவை நிக்காஹ் செய்துகொள்வேன். தோல் ஷாப்பில் அண்ணனுக்கு அடுத்த நாற்காலியில் உட்காருவேன். அதுவரை யாரும் என்னை வா என்று கூப்பிடக் கூடாது. இதைத் தோல் இன்வாய்ஸின் பின்பக்கத்தில் எழுதி, மாமு சாட்சிக் கையெழுத்துப் போட, அண்ணன் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருக்கிறார்.

ஒரு ஆட்டுத்தோலைக்கூட வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்காமல் வாங்காத அண்ணன், கண்ணால் பார்த்திராத ஒரு செடியின் பேரில் கையெழுத்துப் போட்டது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். எல்லாச் செடியும் கேழ்வரகைப் போல நான்கு மாதத்தில் கதை முடிந்து போய்விடும் என்று நினைத்தார் போலும். மாமுவுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் மாமுவுக்கு மருந்துக்கு வேர் வேண்டும்.

கிடங்குக்குப் பின்னால், கிணற்றுத் தண்ணீர் வழிந்தோடும் இடத்தில், பலா நிழலில் பாத்தி கட்டினேன். புதினாவும் துளசியும் கற்பூரவல்லியும் ஏற்கெனவே அங்கே இருப்பதால் புது ஆளுக்குப் பேச்சுத் துணைக்குக் குறைவில்லை. விதைகளை ஒரு விரல் ஆழத்தில் வரிசையாகப் புதைத்தேன். கடுக்காயைத் தரம் பிரிக்க வரும் அம்மாக்கண்ணு பார்த்துக்கொண்டு நின்றாள். தன் புருஷன் ரங்கனுக்கும் சேர்த்துப் பேசுகிறவள் அவள். “இன்னா பாயி, வெதைய நட்றீங்களா, அடக்கம் பண்றீங்களா?” என்றாள். நான் கடைசி விதையையும் மண்ணால் மூடினேன். இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. ஒன்றும் முளைக்காததால் அவளும் மறுபடி கேட்கவில்லை. வெறுமனே பார்த்துவிட்டுப் போகிறாள்.

எல்லோருக்கும் என் சலாம்.

தங்கள் தம்பி,
ஃபரூக்

*

786

வாணியம்பாடி,
5-12-1958

தம்பி ஃபரூக்குக்கு அக்கா பத்ருன்னிசாவின் துஆ.

அல்லாஹ்வின் கிருபையால் நாங்கள் சுகம். நீ கேட்ட மூன்றில் என் முழங்காலும் அண்ணனின் கொதிப்பும் பரவாயில்லை. மாமுவின் வாயு அப்படியே இருக்கிறது. உனக்கு இருமல் விட்டதா? குளிருக்கு அந்தச் சிவப்புக் கம்பளியைப் போர்த்திக்கொள்கிறாயா?

நம் வீட்டு வழக்கம் மாறவில்லை. கடிதம் வந்தால் லுஹர் தொழுது, சாப்பிட்டு, முற்றத்தில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு நான் உரக்கப் படிக்க வேண்டும். உன் கடிதத்தைப் பதினேழு பேர் கேட்டார்கள். அண்ணனைப் பற்றி நீ எழுதியிருந்த இடத்தில் எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டதால் அந்த மூன்று வரி மட்டும் விட்டுப்போயிற்று. இனி எழுதும்போது என் தொண்டையையும் நினைத்துக்கொள்.

அண்ணன் கேட்ட கேள்வி ஒன்றுதான். எப்போது பூக்கும்? அதற்குப் பதினாறு பேரும் பதில் சொன்னார்கள். அண்ணனும் ஒரு கணக்குச் சொன்னார், நீ நினைத்த அதே கேழ்வரகுக் கணக்கு. மாமு மட்டும் கிதாபைப் புரட்டிவிட்டு, முதல் வருஷம் இலை, அடுத்த வருஷம்தான் பூ என்றார். அண்ணன் கொஞ்ச நேரம் மாமுவையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமு கிதாபை மூடிவிட்டு வெந்நீர் கேட்டார்.

மாமு உனக்குச் சொல்லச் சொன்னது: அந்த விதையை மூடக் கூடாதாம், அதற்கு வெளிச்சம் வேண்டுமாம். குளிரும் வேண்டுமாம். மீதி இருந்தால் ஈரமணலில் கலந்து பத்து நாள் பனியில் வைத்து, பிறகு மண்மேல் தூவிவிட்டுப் பேசாமல் இரு. அந்த அம்மாக்கண்ணு சொன்னது சரி.

சுபைதா தலையணை உறையில் பூ வேலை செய்ய ஆரம்பித்திருக்கிறாள். எத்தனை உறை என்று யாரும் சொல்லவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு. வஸ்ஸலாம்.

அக்கா

*

786

புதூர்நாடு,
20-7-1959

அன்புள்ள அக்காவுக்கு சலாம்.

நான் சுகம். இருமல் ஜனவரியிலேயே போய்விட்டது. போனதைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன். நீங்கள் எல்லோரும் ஆரோக்கியமாக இருக்க துஆ செய்கிறேன்.

செடி விவரம். மீதியிருந்த நாற்பது விதைகளை மாமு சொன்னபடி பனியில் வைத்துத் தூவினேன். மூன்று முளைத்தன. ஒன்றை ஆடு தின்றது. இரண்டாவதை நான் தண்ணீர் ஊற்றியே கொன்றேன். மூன்றாவது, எங்கள் இருவருக்கும் தப்பித்து, இன்று என் முழங்காலுக்கு மேல் நிற்கிறது. ஒவ்வொரு இலையும் சாப்பாட்டுத் தட்டு அகலம். கசக்கினால் சோம்பும் எலுமிச்சைத் தோலும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. பார்க்கிறவர்கள் எல்லோரும் இதைக் கொத்தமல்லி என்றே நினைக்கிறார்கள். சுற்றியுள்ள மூன்று ஊரிலும் இதற்கு இப்போது ‘பாயி வூட்டுக் கொத்தமல்லி’ என்று பெயர். போன வாரம் கண்ணாயிரம் என்கிற விவசாயி, தன் மகள் கல்யாணத்துக்கு ரசத்தில் போட நாலு இலை கேட்டு வந்தார். கொடுத்தேன். கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். காலையில் களி, மதியம் சாமைச் சோறு, சாயங்காலம் ஏதாவது. காலையில் தொழுதுவிட்டுத் தோட்டத்துக்குப் போகிறேன். புதினாவைக் கிள்ளுகிறேன். கற்பூரவல்லியைத் திட்டுகிறேன், அது எல்லா இடத்துக்கும் வந்துவிடுகிறது. ஏஞ்செலிகாவின் பக்கத்தில் ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறேன். அது பத்து நாள் பழையதாக இருப்பதால் அதில் வந்த ஆபத்துகள் எல்லாம் அநேகமாக முடிந்துபோயிருக்கும். பிறகு கிடங்கு. இப்போது சீசன் இல்லாததால் அங்கேயும் பத்திரிகைதான்.

உங்களிடமிருந்து வந்த கடிதத்தை நான் இரண்டு தடவை படித்ததைப் பார்த்த அம்மாக்கண்ணு என்ன விஷயம் என்று கேட்டாள். செடி சுகமா என்று வீட்டில் கேட்டிருக்கிறார்கள் என்றேன். “செடிய கேக்குறாங்களா, உங்கள கேக்குறாங்களா?” என்றாள். செடியைத்தான் என்றேன். “அப்ப நீங்க நல்லாத்தான் இருக்கீங்க” என்று சொல்லிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

பூ இல்லை. முதல் வருஷம் இலைதான் என்று மாமுவே சொல்லியிருக்கிறார்.

தங்கள் தம்பி,
ஃபரூக்

*

786

வாணியம்பாடி,
9-8-1959

தம்பிக்கு துஆ. இங்கே யாவரும் சுகம். மாமுவுக்கு மட்டும் சென்ற வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பிறகு கொஞ்சம் சிரமம்.

ஆடு தின்றது வரைக்கும் எல்லோரும் வருத்தமாகக் கேட்டார்கள். ஒன்று மிச்சம் என்றதும் அண்ணன் அல்ஹம்துலில்லாஹ் என்றார். அந்த ஒன்றை நீ சேதமில்லாமல் பூக்க வைக்க வேண்டுமாம்.

மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. ஜன்னலுக்குப் பச்சை வர்ணம். கட்டில் வந்துவிட்டது. சாவி என்னிடம் இருக்கிறது. நடுவில் பிள்ளைகள் போய் விளையாடாமல் பார்த்துக்கொள்வதும் இப்போது என் வேலைகளில் ஒன்று. தலையணை உறை ஆறு முடிந்திருக்கிறது.

இவ்வளவு எழுதுவதற்குள் அடுப்பங்கரையிலிருந்து நான்கு தடவை கூப்பிட்டுவிட்டார்கள். ஐந்தாவது கூப்பிடுகிறார்கள்.

அக்கா

*

786

புதூர்நாடு,
22-5-1960

அன்புள்ள அக்காவுக்கு சலாம்.

உங்கள் மூன்று கடிதங்களுக்கும் சேர்த்து இந்தப் பதில். தாமதத்துக்கு மன்னிக்கவும். கடுக்காய்ச் சீசன், பிறகு நோன்பு, பிறகு புளிக்காரர்களின் லாரி தகராறு, பிறகு ஒன்றுமில்லை. அந்த ஒன்றுமில்லாத நாட்களில்தான் எழுதியிருக்க வேண்டும். உங்கள் முழங்காலுக்கு மாமு கொடுத்த தைலம் பலிக்கிறதா?

செடி என்னைவிட உயரமாகிவிட்டது. நான் குல்லாவோடு நின்றால் சரிசமம். தண்டு என் மணிக்கட்டுப் பருமன், உள்ளே மூங்கிலைப் போலக் குழல். ரேஞ்சர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு தாழ்ந்த மலையில் இது வளரக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். செடியிடம் நான் அதைச் சொல்லவில்லை.

துளசியைப் பற்றி ஒரு செய்தி. சென்ற மாதம் துளசியில் கதிர் வந்திருந்தது. அம்மாக்கண்ணு அதை நகத்தால் கிள்ளிப் போட்டாள். ஏன் என்று கேட்டேன். “வெதை வுட்டுட்டா அதுக்கு வேல முடிஞ்சிபோச்சின்னு நெனச்சிக்கும் பாயி, காஞ்சிடும். கிள்ளிக்கிட்டே இருந்தா, இன்னும் வேல பாக்கியிருக்குன்னு உசுரோட நிக்கும்” என்றாள். இது துளசியைப் பற்றி மட்டும் சொன்னது. பொதுவாக ஒரு தோட்டக்காரனுக்குப் பயன்படக்கூடிய தகவல் என்பதால் எழுதுகிறேன்.

நிற்க. இத்துடன் கடுக்காய் லாரியில் ஒரு ஜாடி வருகிறது. ஏஞ்செலிகாவின் இளந்தண்டை வெட்டி, வேகவைத்து, நார் உரித்து, சர்க்கரைப் பாகில் மூன்று நாள் ஊறப்போட்ட முரப்பா. ஜீரணத்துக்கு நல்லது என்று ரேஞ்சரின் புத்தகத்தில் போட்டிருக்கிறது. மாமுவுக்காக, செடியின் பக்கத்தில் கிளைத்த இரண்டு குட்டிகளைத் தோண்டி, வேரைக் கழுவி, நிழலில் காயவைத்துத் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். தண்டை வெட்டினால் குட்டி நிறைய வருகிறது. எனவே மாமுவுக்கு வருஷா வருஷம் வேர் கிடைக்கும் போலிருக்கிறது.

பூவைப் பற்றி அண்ணன் கேட்பார். இன்றைய தேதியில் செடியில் பூ இல்லை.

தங்கள் தம்பி,
ஃபரூக்

*

786

வாணியம்பாடி,
12-6-1960

தம்பிக்கு துஆ. எல்லோரும் சுகம். மாமுவும் சுகம். இதை நான் முதன்முறையாக எழுதுகிறேன்.

ஜாடி உடையாமல் வந்தது. கடிதத்தைப் படிப்பதற்கு முன்பே திறந்துவிட்டார்கள். பச்சைக் கண்ணாடி போல இருந்தது. முதலில் யாரும் தொடவில்லை. மாமு ஒரு துண்டை வாயில் போட்டார், கண்ணை மூடினார், இன்னொரு துண்டு கேட்டார். பிறகு பத்து நிமிஷத்தில் ஜாடியில் பாகு மட்டும் இருந்தது. அண்ணன் மூன்று துண்டு சாப்பிட்டார். ஒப்பந்தத்துக்குப் பிறகு உன் தோட்டத்திலிருந்து வந்த முதல் சரக்கு என்று எல்லோரிடமும் சொன்னார்.

எனக்குக் கடைசித் துண்டு கிடைத்தது. தண்டின் நுனி. கிள்ளிய அடையாளம் இருந்தது. வெட்டிய அடையாளமில்லை, கிள்ளியது. நான் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். மாமுவும் அதைப் பார்த்தார். ‘இது பூத்தண்டு மாதிரி…’ என்று வாயெடுத்தார். வாயில் முரப்பா இருந்ததால் பாதியில் விட்டார். விழுங்கிய பிறகும் தொடரவில்லை.

துளசியைப் பற்றி நீ எழுதியிருந்ததை உரக்கப் படித்தேன். எல்லோருக்கும் பயனுள்ள தகவல் என்று அண்ணி சொன்னாள். நம் வீட்டுத் துளசியை இப்போது பிள்ளைகள் மொட்டையாகக் கிள்ளிவிட்டார்கள்.

நீ கெட்டிக்காரன் என்று அத்தா சொல்வார்கள். நான் அப்போது அவ்வளவாக நம்பவில்லை.

அறையின் பச்சை வர்ணம் வெயிலில் கொஞ்சம் வெளுத்திருக்கிறது. கட்டிலைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அக்கா

*

786

அமீனுல்லா தோல் வியாபாரம்,
வாணியம்பாடி,
3-2-1961

ஃபரூக்குக்கு அண்ணன் அமீனுல்லா எழுதுவது. சலாம். நலம், நலமறிய விருப்பம்.

1. சென்ற வாரம் அனுப்பிய கடுக்காய் வந்து சேர்ந்தது. கல் இல்லை, புழு இல்லை. நீ பொறுப்பேற்ற பிறகு சரக்கின் தரம் திருப்தி.

2. மேற்படி காரணத்தால் நீ அங்கேயே இருப்பது வியாபாரத்துக்கு நல்லது என்று யாரும் நினைக்க வேண்டாம். ரத்த பந்தம் வேறு, சரக்கு வேறு.

3. நமது ஒப்பந்தம் எழுதி இரண்டு வருஷம் மூன்று மாதம் ஆகிறது. பூ வரவில்லை. நான் வக்கீலிடம் காண்பித்தேன். அவர் படித்துவிட்டு, இதில் காலவரை எதுவும் இல்லையே, பூக்காவிட்டால் என்ன செய்வது என்று எழுதவில்லையே என்றார். நான் எழுதிய பத்திரத்தில் இப்படி ஒரு குறையை இதுவரை யாரும் கண்டுபிடித்ததில்லை.

4. சுபைதா வேலூரில் ஆசிரியைப் பயிற்சியில் சேர்ந்துவிட்டாள். ஒரு செடியை எதிர்பார்த்துத் தலையணை உறை தைத்துக்கொண்டிருக்க முடியாது என்று உன் அண்ணியிடம் நேரிலேயே சொல்லிவிட்டாள். ஒன்பது உறைகள் கைவசம் உள்ளன. உனக்கு ஆம்பூரில் வேறு இடம் பார்த்திருக்கிறோம். நாற்காலி காலியாகவே இருக்கிறது.

5. எனவே மே மாதம் ஸ்தலப் பரிசோதனை நடத்தத் தீர்மானித்திருக்கிறேன். எனக்கு மெட்ராஸில் வேலை இருப்பதால் அக்காவையும், துணைக்கு மாமுவையும் அனுப்புகிறேன். செடியில் ஒரு பூ இருந்தாலும் அக்கா உன்னைக் கையோடு கூட்டிவருவார்கள். அக்கா பொய் சொல்ல மாட்டார்கள் என்பது உனக்கும் தெரியும்.

6. முரப்பா இந்த வருஷம் எப்போது வரும்?

வஸ்ஸலாம்.

அமீனுல்லா

*

786

புதூர்நாடு,
25-2-1961

அன்புள்ள அக்காவுக்கு சலாம்.

நான் சுகம். உங்கள் முழங்காலைப் பற்றித்தான் கவலை.

நீங்கள் வருவதில் எனக்கு மிகுந்த சந்தோஷம். ஆனாலும் பாதையைப் பற்றிச் சொல்ல வேண்டியது என் கடமை. திருப்பத்தூர் வரை பஸ். அதன் பிறகு கடுக்காய் லாரியில் முன்பக்கம். லாரிக்காரர் பழனி நம்மவர் இல்லை, அவரே அந்த வளைவுகளில் கலிமா சொல்லக் கற்றுக்கொண்டார். மே மாதத்தில் அட்டை இல்லை. ஆனால் அதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. கிடங்கின் பின்னறையில் கடுக்காய் மூட்டைகள் இருக்கின்றன. களி உங்களுக்குச் சேராது.

இவ்வளவுக்குப் பிறகும் வருவதென்றால் சிவப்புக் கம்பளி ஒன்று கொண்டுவாருங்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான்.

தங்கள் தம்பி,
ஃபரூக்

*

786

வாணியம்பாடி,
6-6-1961

தம்பிக்கு அக்காவின் துஆ.

இந்தக் கடிதம் கவரில் வருகிறது. எழுதியவளும் ஒட்டியவளும் நானே. முற்றத்தில் யாரும் இதைக் கேட்கவில்லை. நீ எழுதும் பதிலில் இதைக் குறிப்பிடாதே.

நாங்கள் நல்லபடி வந்து சேர்ந்தோம். மாமு வழி நெடுக வேர்ப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு தூங்கினார். வந்த அன்றே, லுஹர் முடிந்து, பதினேழு பேரும் உட்கார்ந்தார்கள். அண்ணன் இரும்புப் பெட்டியைத் திறந்து பத்திரத்தை எடுத்து வந்தார். பூ உண்டா என்று கேட்டார். நான் புறப்படும்போது அந்தச் செடியில் ஒரு பூவும் இல்லை, ஒரு மொட்டும் இல்லை, என் கண்ணால் பார்த்தேன் என்றேன். அண்ணன் மாமுவைக் கேட்டார். “நான் வேரப் பாக்குற ஹக்கீம்டா. மேல பாக்குறது என் வேலயில்ல” என்றார் மாமு. அண்ணன் பத்திரத்தை மறுபடி பெட்டியில் வைத்துப் பூட்டினார். அவ்வளவுதான்.

இனி, உனக்கு மட்டும்.

உன்னைக் கூட்டிவரத்தான் நான் வந்தேன். அண்ணன் சொல்லி அல்ல, என் எண்ணமே அதுதான். மாடி அறைச் சாவியைக்கூட இடுப்பில் செருகிக்கொண்டு வந்தேன். உன் மனைவி சகிலா மவுத்தான பிறகு நீ இந்த வீட்டில் ஒரு வருஷம் சோற்றை அளைந்துகொண்டு உட்கார்ந்திருந்தாயே, அந்தத் தட்டை எடுத்துக் கழுவியவள் நான். மலையில் தனியாக என்ன சாப்பிடுவான் என்று இத்தனை வருஷமும் அதே தட்டைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாள் நீ இரண்டு உருண்டை களி சாப்பிட்டாய். விருந்தாளிக்காகச் சாப்பிடுகிறாய் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் மூன்று உருண்டை. நான் பார்ப்பது உனக்குத் தெரியாது, பத்திரிகை படித்துக்கொண்டிருந்தாய்.

அன்று மத்தியானம் நீ கிடங்கில் இருந்தபோது, பலாவடியில் நானும் மாமுவும் அம்மாக்கண்ணுவும் இருந்தோம். இவ்வளவு பெரிய செடி, பூக்காதா என்று அவளைக் கேட்டேன். “பூக்க வுட்டாத்தானே பூக்கும், அக்கா” என்றாள். அதோடு நிற்காமல், “உங்க தம்பி விடிஞ்சா நெகத்தோடதான் வர்றாரு. நான் சொல்லிக் குடுத்ததுதான். எதுக்குன்னு அப்ப தெரியாது. இப்பத்தான் தெரியுது” என்று என் இடுப்புச் சாவியைப் பார்த்தாள். மாமு தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தவர், ஓதும் சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

அன்றைக்கே உன்னைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மூன்றாம் நாள் நான் உன் கல்லில் உட்கார்ந்திருந்தேன். என்னவோ குறைகிறதே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் புரிந்தது, காலையிலிருந்து என்னை யாரும் கூப்பிடவில்லை. நான் விதவையாகி இந்த வீட்டுக்குத் திரும்பி வந்து இருபத்திரண்டு வருஷம். அக்கா, அத்தை, அண்ணி, பத்ரு என்று ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று நான் எண்ணியதில்லை. எண்ண உட்கார்ந்தால் கூப்பிட்டுவிடுவார்கள்.

கடைசி நாள் காலையில் நீ லாரிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தாய். நான் செடியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். கிடங்குச் சுவரை ஒட்டி ஒரு கிளை வளைந்து போயிருந்தது. அதன் நுனியில் என் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பூ. பச்சையும் வெள்ளையுமாக, குடை மாதிரி. தேனீகூட வந்துவிட்டது. நீ சுவர்ப்பக்கம் பார்ப்பதே இல்லை போலிருக்கிறது. சின்ன வயதில் முகம் கழுவினாலும் முன்பக்கம் மட்டும்தான் கழுவுவாய்.

உன்னைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கலாம். காட்டாமல் வந்து முற்றத்தில் சொல்லியிருக்கலாம். ஒன்றும் செய்யாமல் இருந்தாலே போதும், இரண்டு மாதத்தில் விதை வந்து, செடி காய்ந்து, நீ தானாக வந்துவிடுவாய். நீ சொன்ன சொல்லை மீற மாட்டாய் என்று எனக்குத் தெரியும். பாலை அடுப்பில் வைத்துவிட்டு யோசிக்கிறவள் இல்லை நான். ஆனாலும் அன்று யோசித்தேன். தேனீ போகட்டும் என்று காத்திருந்தேன். பிறகு கிள்ளினேன். நாற்பது வருஷம் கீரை ஆய்ந்த நகம், உன்னுடையதைவிடச் சுத்தமாகக் கிள்ளும்.

பூ இல்லை என்று நான் சொன்னது உண்மை. உண்மையாக்கிவிட்டுத்தான் லாரி ஏறினேன்.

அந்தப் பூவைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு வந்து பெட்டியில் சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். வாசனை போகவில்லை. அறைச் சாவியை அண்ணியிடம் கொடுத்துவிட்டேன். பிள்ளைகள் அங்கே விளையாடுகிறார்கள்.

இனிமேல் சுவர்ப்பக்கமும் பார்.

அக்கா

*

786

(தபால் கார்டு)

புதூர்நாடு,
20-6-1961

மரியாதைக்குரிய அண்ணன் அமீனுல்லா அவர்களுக்கு, ஃபரூக் சலாம் கூறி எழுதுவது. யாவரும் நலம்தானே? இங்கு நலம். செடியும் நலம். பூ இல்லை.

1. ஸ்தலப் பரிசோதனை நடத்தியதற்கு நன்றி. அக்காவின் பார்வையில் என் பராமரிப்பில் இருந்த ஒரு குறை தெரிந்துவிட்டது. திருத்திக்கொண்டேன்.

2. ஆனால் பரிசோதனைக்கு நான்கு நாள் போதாது. இந்தச் செடி மே மாதத்தில் எந்தப் பக்கமாக என்ன செய்யும் என்று ஒருவரால் மட்டும் கவனிக்க முடியவில்லை. ஒப்பந்தத்தில் அண்ணனுக்கு நஷ்டம் வந்துவிடக் கூடாது என்பதால், வருஷந்தோறும் ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரை அக்காவை இங்கே அனுப்பிவைக்கக் கேட்டுக்கொள்கிறேன். வேறு யாரிடமும் இந்தப் பொறுப்பை ஒப்படைக்க முடியாது. அக்கா பொய் சொல்ல மாட்டார்கள்.

3. முரப்பா இரண்டு ஜாடி லாரியில் வருகிறது. சென்ற வருஷத்துக் காலி ஜாடியைத் திருப்பி அனுப்பவும்.

4. பின்னறையில் இருந்த மூட்டைகளை எடுத்துவிட்டு, நேற்று அக்காவுக்காக வெள்ளையடித்தோம். அறை நன்றாக இருக்கிறது. கிடங்கிலிருந்து எவ்வளவு உரக்கக் கூப்பிட்டாலும் அங்கே கேட்காது, அது ஒன்றுதான் குறை.

வஸ்ஸலாம்.

ஃபரூக்